வாடகைக்கு எடுத்த வானம்



கணக்கு எழுதுகிறவனுக்குச் செய்மதியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கதையில் விண்வெளியை விடப் பேரேடுதான் அதிகம் வருகிறது. அந்தத் துணிவில் பேசுகிறேன்.

ஒரு காலத்தில் வேலை நிமித்தம் ஓல்ட் ஸ்ட்ரீட் சுற்றுவட்டத்தைக் கடந்தபோதெல்லாம், அப்போது அங்கிருந்த இன்மார்சாட் தலைமையகத்தைப் பார்த்திருக்கிறேன். நடுக்கடலில் கப்பல்கள் உதவி கேட்பதற்கென்று, 1979இல் பல நாடுகள் சேர்ந்து இலண்டனில் தொடங்கிய அமைப்பு அது. பனிப்போர்க் காலத்திலேயே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அதில் ஒன்றாக இருந்தன. அமைதி நோக்கங்களுக்காக மட்டுமே இயங்க வேண்டும் என்று அதன் சாசனத்தில் எழுதி வைத்தார்கள்.

பிரித்தானியப் படைகளுக்குத் தனியாக ஸ்கைநெட் செய்மதிகள் இருந்தன. முதலாவது 1969இல் ஏவப்பட்டது. அலைவரிசை வேறு, கருவி வேறு, பணம் கட்டுபவரும் வேறு.

இந்த இரண்டு உலகங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தது ஒப்பந்தத் தாள்களால்தான். 1999இல் இன்மார்சாட் தனியார் கம்பனியானது. 2003இல் பாதுகாப்பு அமைச்சு, ஸ்கைநெட் 5 செய்மதிகளைச் சொந்தமாக வாங்காமல், பரடைம் என்ற கம்பனியிடம் சேவையாகப் பெற உடன்பட்டது. செய்மதி கம்பனிக்குச் சொந்தம், அமைச்சு கட்டணம் செலுத்தும். மிஞ்சும் இணைப்புகளை நேட்டோவுக்கும் நட்பு நாடுகளுக்கும் கம்பனி விற்கலாம். இன்மார்சாட் இணைப்புகளையும், சிப்பாய்கள் வீட்டாரோடு பேசும் தொலைபேசிச் சேவையையும் அதே கம்பனிதான் படைகளுக்கு வழங்கியது.

என்னைப் போன்றவர்களுக்குச் சுவையான இடம் காப்புறுதி. முதலில் இரண்டு செய்மதிகள், ஏவும்போது இழந்தால் காப்புறுதி என்பதுதான் திட்டம். பிறகு மூன்றாவதை முன்கூட்டியே கட்ட முடிவெடுத்தார்கள். காப்புறுதிப் பணம் கைக்கு வந்தாலும் இன்னொரு செய்மதி கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை போர்முனையில் இருப்பவன் யாரோடு பேசுவான்? 2007இல் இரண்டும், 2008இல் மூன்றாவதும், 2012இல் நான்காவதும் ஏவப்பட்டன.

2022இல் ஒப்பந்தம் முடிந்து ஸ்கைநெட் மீண்டும் அமைச்சின் கைக்கு வந்தது. 2023இல் இன்மார்சாட்டை அமெரிக்கக் கம்பனியான வயாசாட் வாங்கியது. ஒன்று அரசுக்குத் திரும்பியது, மற்றது கடல் கடந்து கைமாறியது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது, ஊருக்குத் தொலைபேசி கிடைக்காமல் நாம் தவித்ததை மறக்க முடியுமா? அழிந்த கரைகளில் நிவாரணப் பணியாளர்கள் செய்மதித் தொலைபேசிகளையே நம்பியிருந்தார்கள். படைக்கும் வணிகத்துக்கும் நிவாரணத்துக்கும் ஒரே இணைப்பைப் பங்கிடும்போது செலவு குறையும். ஆனால் நெருக்கடி வந்தால் முதல் அழைப்பு யாருடையது? அந்த விடை ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பிரிவில் எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துக்கு முன் அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.