வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்கெட் வரை

1/ ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் நிக்கிற இடத்துல தரையைப் பாருங்க. சிவப்புச் சிவப்பா துப்பின கறை. "எல்லாம் வடக்க இருந்து வந்தவங்க வேலை"ன்னு நம்ம ஆளுங்க ஈசியா சொல்லிடுறாங்க. ஆனா அந்தக் கறையோட வரலாறு நம்ம வீட்டு வெற்றிலைத் தட்டையும் தொட்டுட்டுதான் போகுது. கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

2/ பாக்கு மரம் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு டுயோங் குகையில கிடைச்ச எலும்புக்கூட்டின் பல்லில் பாக்குக் கறை, பக்கத்துல சுண்ணாம்பு வெச்ச சிப்பி. வயசு சுமார் 4,600 வருஷம்!

3/ இலை, பாக்கு, சுண்ணாம்பு. இந்தக் கூட்டணி கடல்வழியா பல ஊர் போச்சு. வியட்நாம்ல வெற்றிலை பாக்கு இல்லாம கல்யாணப் பேச்சு இல்ல. இலங்கையில சிங்களவர்கள் புத்தாண்டுக்குப் பெரியவங்க கையில வெற்றிலை கொடுத்து வணங்குவாங்க. பப்புவா நியூ கினியில இலைக்குப் பதிலா அந்தக் கொடியோட காயைக் கடிப்பாங்க. அசாம்ல பாக்குக்குப் பேரு 'தாமூல்'. நம்ம 'தாம்பூலம்' ஞாபகம் வருதா?

4/ ஆங்கிலத்துல 'பீட்டல்', 'அரிக்கா'ன்னு சொல்றதும் நம்ம பக்கத்து வார்த்தைகள்தான். வெற்றிலை, அடைக்காய். மேற்குக் கரையில இறங்கின போர்ச்சுகீசியர் வாய்வழியா ஐரோப்பா போச்சு.

5/ அதே போர்ச்சுகீசியர் பதிலுக்குக் கொண்டு வந்தது அமெரிக்கச் செடியான புகையிலை. 1604 வாக்குல அசத் பேக் என்பவர் பீஜப்பூர்ல இருந்து அதை அக்பர் அரண்மனைக்குக் கொண்டு போனார். அரண்மனை வைத்தியர் வேண்டாம்னு தடுத்தார். அக்பர் இழுத்துப் பார்த்தார். டாக்டர் பேச்சை யாரு கேட்டா? 1617ல ஜஹாங்கீர் தடை போட்டும் நிக்கல.

6/ இப்போ மருத்துவத்துக்கு வருவோம். 1952ல ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கிழக்கு ஆப்பிரிக்காவில வாழ்ந்த 5 இந்தியப் பெண்களுக்கு வாயின் உட்புறம் இறுகிப் போனதை எழுதினார். அடுத்த வருஷம் மும்பையில ஜோஷி வெச்ச பேரு 'சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்'. முக்கியக் காரணம் பாக்கு. கன்னத்தின் உள்தோல் நார் நாரா இறுகி, வாய் திறக்கவே முடியாம போகும். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை.

7/ "புகையிலை இல்லாம வெறும் பாக்குதானே சார்?"னு கேட்பீங்க. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லயே பாக்கை முதல் பட்டியல்ல வெச்சிருச்சு. சிகரெட் இருக்கிற அதே பட்டியல்.

8/ அப்போ தாத்தா பாட்டி? அவங்களுக்கும் வாய்ப்புற்று வந்துச்சு. ஆனா அவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து மடிச்சு, ஒரு தடவை போட்டாங்க. பாக்கெட் வந்ததும் இலை காணாம போச்சு. காய்ஞ்ச பாக்குத்தூள், புகையிலை, சுண்ணாம்பு, வாசனை. சட்டைப் பையிலேயே இருக்கும், கன்னத்துல மணிக்கணக்கா அடக்கி வைக்கலாம்.

9/ ஏன் இந்த காரிடார்ல இவ்வளவு? நைட் ஷிப்ட். பாக்கிலுள்ள அரிகோலினும் புகையிலையிலுள்ள நிகோடினும் தூக்கத்தை விரட்டும், பசியை அமுக்கும். பீகார், ஒடிசா, அசாம் பையனும் போடுறான், பக்கத்து மெஷின்ல நிக்கிற நம்ம செய்யாறு பையனும் போடுறான். 2013லயே தமிழ்நாட்டுல குட்கா, பான் மசாலாவுக்குத் தடை. ஆனா தூக்கம் கெட்ட உடம்புக்குத் தடை உத்தரவு புரியாதே. அதனால திட்டுறதை விட்டுட்டு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

10/ ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணையும் சேர்த்து நெட்டுக்குத்தா வாயில வைங்க. நுழையலையா? காரம் பட்டா எரியுதா? வெள்ளை, சிவப்புத் திட்டு இருக்கா? 2 வாரத்துல ஆறாத புண்ணா? வலிக்கலைன்னாலும் உடனே அரசு மருத்துவமனை பல் பிரிவுக்கு வாங்க. ஆரம்பத்துல வந்தா காப்பாத்தலாம்.

11/ விட நினைக்கிறவங்களுக்கு இலவச எண் 1800-11-2356. ரூம்ல கூடத் தங்கியிருக்கிற இந்திக்கார நண்பருக்கும் கொடுங்க. கல்யாணத் தட்டுல வெற்றிலை பாக்கு மரியாதையா இருக்கட்டும். கன்னத்துக்குள்ள வேண்டாம்.