தேள் கொட்டியவனுக்கு லீவு

லீவு கேட்பது ஒரு தனிக் கலை என்று குமாஸ்தாக்கள் சொல்வதுண்டு. இந்தக் கலையை வெள்ளைக்காரன்தான் கப்பலில் கொண்டுவந்து இறக்கினான் என்று பலர் நம்புகிறார்கள். அவன் கொண்டுவந்தது, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்ற கடைசி வரியைத்தான். லீவு, அதற்கு ஒரு காரணம், அதை எழுதிக்கொள்ள ஒரு கணக்குப்பிள்ளை, இவையெல்லாம் மிக மிகப் பழைய சங்கதிகள்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் பலகை ஒன்று உண்டு. எகிப்து தேசத்தில் இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் 40-வது ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1250 வாக்கில் எழுதியது. நைல் நதிக்கு மேற்கே, இன்று டேர் எல் மெதினா என்று வழங்கும் கிராமத்தின் ஆஜர்ப் பட்டியல் அது. மன்னர்களுக்காக மலையைக் குடைந்து கல்லறை அமைத்து, அதன் சுவர்களில் சித்திரம் தீட்டிய தொழிலாளிகள் குடியிருந்த கிராமம். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் 'சத்திய ஸ்தலம்'. லீவுக் காரணங்கள் பதிவான இடத்துக்கு இப்படி ஒரு பெயரா என்று நேயர்கள் சிரிக்கக் கூடாது!

பட்டியலில் 40 பேர். 280 நாட்களின் கணக்கு. பெயருக்கு எதிரே வராத தேதிகள் கறுப்பு மையில் இருக்கின்றன. பெரும்பாலான தேதிகளுக்கு மேல் காரணம் சிவப்பு மையில். சேபா என்பவனைத் தேள் கொட்டிவிட்டது. ஹூய்நெஃபருக்கு அடிக்கடி கண்வலி. ஒருவனுக்குத் தாயார் உடம்புக்கு ஆகவில்லை; இன்னொருவன் இறந்துபோன தாயின் உடலைத் துணி சுற்றிப் பதனம் செய்துகொண்டிருந்தான். மனைவியோ மகளோ வீட்டுக்குத் தூரமானதால் வராதவர்களும் உண்டு. நம் பாட்டிமார்களுக்கு இது ஆச்சரியமாக இராது. பீர் காய்ச்சினேன் என்று வராமல் நின்றவர்களும் இருக்கிறார்கள். அதையும் கணக்குப்பிள்ளை அப்படியே எழுதியிருக்கிறான். சில இடங்களில், 'எஜமானரோடு இருந்தான்' என்று ஒரு குறிப்பு. எஜமானரின் சொந்த வேலைக்குப் போயிருந்தான் என்று அர்த்தமாம். மானேஜர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டப் போகும் பியூனை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

என் மனம் தாயை அடக்கம் செய்தவனிடமே நின்றுவிட்டது. நான் வாலிபத்தில் குமாஸ்தாவாக இருந்த ஓர் ஆபீஸில், தாயார் காலமான தந்தியோடு ஒருவர் மானேஜர் மேஜைக்கு முன்னால் நின்றார். மானேஜர் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரயில் எத்தனை மணிக்கு?" என்றார். "ராத்திரி ஒன்பதுக்கு, ஸார்." "அதற்குள் இந்த லெட்ஜரை முடித்துவிடலாமே!" அவரும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவருடைய அழகான கையெழுத்து அன்றைக்கும் கோணவில்லை.

பாரோக்களின் ராஜ்யம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றாம் ராம்சேஸின் 29-வது ஆண்டில் கூலித் தானியம் வந்து சேராமல், அதே கிராமத்தார் வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலருகே போய் உட்கார்ந்துவிட்டார்கள். சரித்திரத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்கிறார்கள்.

நம் தேசத்தில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதே கெஞ்சியும் போராடியும் வந்தது. பம்பாய் மில் தொழிலாளிகளுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே 1884-ல் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டார். மில் முதலாளிகள் இணங்கியது 1890 ஜூன் 10-ஆம் தேதி. பிறகு, 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் உழைத்தவனுக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று விதித்தது. 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நோய்க்கு அந்தக் கெடு இருக்கவில்லை.

யாசகமாக இருந்தது பாத்தியதை ஆகிவிட்டது. ஆனாலும் லீவு கேட்கிறவன் முதுகு இன்னும் நிமிரக் காணோம். 'சொந்த வேலை நிமித்தம்' என்று கௌரவமாக எழுதிக் கொடுத்தால், மேஜைக்கு அப்பால் இருப்பவர் மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, "அப்படி என்ன சொந்த வேலை?" என்கிறார். பீர் காய்ச்சப் போகிறேன் என்று சொல்ல நம்மில் யாருக்கு நா எழும்?