தேர்தல்கள் ஆணைக்குழு: சட்டம் வழங்கிய அதிகாரமும் நடைமுறை விதித்த வரம்பும்

ஜனநாயக நாடொன்றில் தேர்தலில் வென்றவர் ஆட்சியமைப்பது இயல்பானது. தோற்றவர் தமது தோல்வியை ஏற்றுக்கொண்டு ஒதுங்குவதே கடினமானது. வாக்காளர் இடாப்பைத் தயாரித்தவர், வாக்குச் சீட்டை அச்சிட்டவர், வாக்குகளை எண்ணியவர் ஆகிய எவரும் எந்தவொரு கட்சியையும் சாராதவர் என்ற நம்பிக்கை நிலவும்போதே அது சாத்தியமாகின்றது. அந்த நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பு தேர்தல் அதிகார சபையைச் சாரும். இலங்கையில் அதற்கான சுயாதீன ஆணைக்குழுவைச் சட்டம் 2001 ஆம் ஆண்டிலேயே உருவாக்கியது. ஆயினும் அதன் முதலாவது உறுப்பினர்கள் 2015 நவம்பரில்தான் நியமிக்கப்பட்டனர். இடைப்பட்ட 14 ஆண்டுகால வரலாறு இந்நாட்டு ஜனநாயகத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே எடுத்துக்காட்டுவதாகும்.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. 1947 பொதுத்தேர்தலின் வாக்கெடுப்பு வெவ்வேறு தொகுதிகளில் வெவ்வேறு தினங்களில் நடத்தப்பட்டது. 1955 இல் தேர்தல்கள் திணைக்களம் அமைக்கப்பட்டது. 1960 மார்ச் பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களிப்பு நடைபெற்றது. ஆனால் திணைக்களத்துக்குத் தலைமை தாங்கிய ஆணையாளர் ஓர் அரச அதிகாரியாகவே இருந்தார். பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கு அப்பால் அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை.

இதன் விளைவை மலையக மக்கள் முதலில் உணர்ந்தனர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகியிருந்தனர். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் சட்டத் திருத்தமும் அம்மக்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமேனும் கிடைக்கவில்லை. வாக்குச் சாவடியில் எவ்வித மோசடியும் இடம்பெறாமலேயே ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவம் இல்லாதொழிக்கப்படலாம் என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை.

1982 டிசம்பரில் நடத்தப்பட்ட சர்வசன வாக்கெடுப்பு, 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத்தேர்தல் இன்றி மேலும் 6 ஆண்டுகளுக்கு நீடித்தது. 1999 ஜனவரியில் நடைபெற்ற வடமேல் மாகாண சபைத் தேர்தலோ வன்முறைக்கும் முறைகேட்டுக்கும் உதாரணமாக இன்றும் பேசப்படுகின்றது. ஆணையாளர் எத்துணை நேர்மையானவராயினும் அரச இயந்திரம் ஒரு பக்கம் சாயும்போது அவரால் தனித்து நின்று எதுவும் செய்ய இயலாது என்பது அத்தேர்தலில் வெளிப்படையாயிற்று. சுயாதீன ஆணைக்குழுக்களுக்கான கோரிக்கை அதன் பின்னர் வலுப்பெற்றது. 2001 ஒக்டோபரில் அரசியலமைப்பின் 17 ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

இத்திருத்தம் ஆணைக்குழுவுக்கு வழங்கிய அதிகாரங்கள் குறிப்பிடத்தக்கவை. அரச சொத்துக்களைக் கட்சிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்தல், ஊடகங்களுக்கு வழிகாட்டல்களை வழங்குதல், தேர்தல் கடமைக்கான பொலிஸாரைப் பொலிஸ் மா அதிபரிடமிருந்து கோரிப் பெற்று ஈடுபடுத்துதல், ஆயுதப் படையினரை ஈடுபடுத்துவது தொடர்பில் ஜனாதிபதிக்குப் பரிந்துரைத்தல் என்பன அவற்றுள் அடங்கும். ஆணைக்குழுவின் உறுப்பினர்களை அரசியலமைப்புப் பேரவை பரிந்துரைக்க, ஜனாதிபதி நியமிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் பேரவை பரிந்துரைத்த தலைவரை அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நியமிக்க மறுத்தார். 2005 இல் பேரவையின் பதவிக்காலமும் முடிவடைந்தது. ஆணைக்குழு அமைக்கப்படும் வரை பழைய ஆணையாளரே அதன் அதிகாரங்களுடன் தொடர வேண்டும் என்ற இடைக்கால ஏற்பாட்டின்படி, ஓய்வுபெற விரும்பிய தயானந்த திசாநாயக்க 2011 வரை பதவியில் நீடிக்க நேர்ந்தது. எழுத்தில் சுயாதீனமாக இருந்த நிறுவனம் நடைமுறையில் ஒரு தனி மனிதரின் தோள்களில் தங்கியிருந்தது.

2010 இன் 18 ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை ஒழித்து, ஜனாதிபதிக்கு அவதானிப்புகளை மாத்திரம் தெரிவிக்கக்கூடிய பாராளுமன்றப் பேரவையை ஏற்படுத்தியது. 2015 இன் 19 ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீண்டும் கொண்டுவந்தது. அதன்படி அமைந்த மூவர் கொண்ட முதல் ஆணைக்குழுவுக்கு மஹிந்த தேசப்பிரிய தலைவரானார். 2020 இன் 20 ஆவது திருத்தம் பேரவையை மறுபடியும் அகற்றியதுடன் ஆணைக்குழு உறுப்பினர் தொகையை 5 ஆக உயர்த்தியது. 2022 ஒக்டோபரில் 21 ஆவது திருத்தம் பேரவையை மீளவும் நிறுவியது. ஆட்சி மாறுந்தோறும் நடுவரை நியமிக்கும் விதியும் மாறுமாயின், அந்த நடுவர் மீது மக்களுக்கு நிலையான நம்பிக்கை பிறப்பது எங்ஙனம்?

தமிழ், முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை வாக்குரிமை என்பது பெரும்பாலும் வாக்களிக்கச் செல்லும் வழியின் பாதுகாப்புடன் பிணைந்துள்ளது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கில் வலுக்கட்டாயமாக நடைமுறைப்படுத்தப்பட்ட புறக்கணிப்பின் காரணமாக, யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இருவரைக்கூட எட்டவில்லை. நாடளாவிய ரீதியில் முதலிரு வேட்பாளர்களுக்கிடையிலான வித்தியாசமோ இரண்டு இலட்சம் வாக்குகளுக்கும் குறைவாகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் தங்கியிருந்து சொந்த மாவட்டத்துக்கு வாக்களிக்க வேண்டியவர்களாயினர். இடம்பெயர்ந்தோரைச் சொந்த இடத்து இடாப்பில் பதிவதற்கென 2013 இல் விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 2019 நவம்பரில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பஸ் வண்டிகள் தந்திரிமலைப் பகுதியில் தாக்கப்பட்டன. பெயர் இடாப்பில் இருப்பது மட்டும் போதாது. அச்சமின்றி வாக்குச் சாவடியை அடைவதையும் உறுதிப்படுத்தும் கடமை தேர்தல் அதிகார சபைக்கு உண்டு.

ஆணைக்குழுவின் அதிகார வரம்பு மிகத் தெளிவாக வெளிப்பட்ட சந்தர்ப்பம் 2023 ஆகும். அவ்வாண்டு மார்ச் 9 ஆம் திகதி 340 உள்ளூராட்சி மன்றங்களுக்கான தேர்தல் நடைபெறவிருந்தது. வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டுக் கட்டுப்பணமும் செலுத்தப்பட்டிருந்தது. பொருளாதார நெருக்கடியைக் காரணங்காட்டித் திறைசேரி நிதியை விடுவிக்கவில்லை. பணமின்றி அச்சகத்தால் வாக்குச் சீட்டுகளை அச்சிட இயலவில்லை. தேர்தல் காலவரையறையின்றித் தள்ளிப்போயிற்று. ஒதுக்கப்பட்ட நிதியைத் தடுத்து வைக்கலாகாது என அவ்வாண்டு மார்ச் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டும் பயன் விளையவில்லை. 2024 ஓகஸ்ட் 22 ஆம் திகதி, தேர்தல் நடத்தப்படாமையால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதியமைச்சரின் நடத்தையுடன் ஆணைக்குழுவும் அத்தீர்ப்பில் பொறுப்பிலிருந்து விடுபடவில்லை. இறுதியில் 2025 மே 6 ஆம் திகதியே 339 மன்றங்களுக்கு வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்குச் சாவடியைக் கைப்பற்றாமலேயே தேர்தலைத் தடுத்துவிட முடியும் என்பதை இந்த இரண்டு ஆண்டுகால இழுபறி உணர்த்தியது.

மாகாண சபைகளின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. கிழக்கில் 2012 இலும் வடக்கில் 2013 இலும் நடைபெற்றவையே அம்மாகாணங்கள் இறுதியாகக் கண்ட தேர்தல்களாக நெடுங்காலம் நீடித்தன. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் முறைமை திருத்தப்பட்டது. அதற்கமையத் தயாரிக்கப்பட்ட எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை நீக்கப்பட்டு, புதிய முறை முழுமை பெறாத நிலையில் ஆணைக்குழு எவ்விதத் தேர்தலையும் அறிவிக்க முடியாதிருந்தது. 2025 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்ற வேளையிலும் ஒன்பது மாகாணங்களும் தெரிவு செய்யப்பட்ட சபைகளின்றி ஆளுநர்களின் கீழேயே இருந்தன.

இவ்வளவு தடைகளுக்கு மத்தியிலும் ஆணைக்குழுவின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் 1 கோடியே 71 இலட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் பதிவு செய்யப்பட்டிருந்தனர். எவரும் அரைப்பங்குக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாததால், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முடிவு அமைதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என வேட்பாளரின் செலவுக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்டதும் இத்தேர்தலிலேயாகும்.

எனவே குறை, தேர்தல் நாளின் நிர்வாகத்தில் அல்ல. தேர்தல் நாளைத் தீர்மானிக்கும் அதிகாரத்தில் உள்ளது. தேர்தலுக்கான நிதி, நிதியமைச்சின் தயவில் தங்கியிராது திரட்டு நிதியத்திலிருந்து நேரடியாகக் கிடைக்க வழி செய்யப்பட வேண்டும். சபையொன்றின் பதவிக்காலம் முடிவுற்றதும், புதிய முறை நிறைவேறாதவிடத்துப் பழைய முறையிலேனும் தேர்தல் நடைபெற வேண்டும் எனச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். நாட்டின் பன்மைத் தன்மையைப் பிரதிபலிக்கும் வகையில் நியமனங்களைப் பரிந்துரைக்கப் பேரவை முயல வேண்டும் என்பது 19 ஆவது திருத்தம் வகுத்த நெறியாகும். 2015 ஆணைக்குழுவில் பேராசிரியர் இரத்தினஜீவன் ஹூலும், 2020 ஆணைக்குழுவில் எம்.எம்.மொஹமட்டும் இடம்பெற்றமை போன்று அந்நெறி தொடர்ந்து பேணப்படுதல் அவசியம்.

தேர்தலைச் சீராக நடத்தவல்ல அதிகாரிகள் இந்நாட்டில் என்றும் இருந்து வந்துள்ளனர். உரிய காலத்தில் தேர்தலை நடத்தியே தீரும் பலத்தை அவர்களுக்கு வழங்குவதே பாராளுமன்றத்தின் முன்னுள்ள கடமையாகும். அதுவரை வடக்கு, கிழக்கு மக்களுக்கு மாத்திரமன்றி முழு நாட்டுக்கும் வாக்குரிமை என்பது ஆட்சியாளர் அனுமதிக்கும்போது மட்டும் கிடைக்கும் சலுகையாகவே இருந்துவிடும்.