கேட்காவ் தந்த விடை

சென்னை செல்லும் இரயில் புனேயை விட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்படும்போதே நம் உள்ளம் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆதலால், தௌண்டு சந்திப்புக்கு முன்னர் வரும் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கிறிஸ்தவ சமயத்தின் பழைய வினா ஒன்றுக்கு ஒரு பெண்மணி தம் வாழ்வையே விடையாகத் தந்த இடம் அது.

மனிதனை ஈடேற்றுவது விசுவாசமா, நற்செயலா என்பதே அவ்வினா. தூய பவுல் விசுவாசத்தை முதலில் வைத்தார். யாக்கோபின் நிருபமோ, செயலில் வெளிப்படாத விசுவாசத்தில் உயிரில்லை என்று இடித்துரைத்தது. 16-ஆம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபை பிளவுபட்டமைக்கு இவ்வினாவும் ஒரு காரணமாயிற்று.

பண்டித ரமாபாய் அம்மையார் 1858-இல் பிறந்தார். அவர் தந்தை அனந்த சாஸ்திரி, பெண்களும் வடமொழி கற்கலாம் எனத் துணிந்த புராணப் பிரசங்கி. அக்குடும்பம் தென்னாட்டில் தலயாத்திரை செய்து வந்த நாளில் பஞ்சம் சூழ்ந்தது; தந்தை, தாய், தமக்கை மூவரும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். 1878-இல் கல்கத்தா அறிஞர்கள் ரமாபாயின் புலமையை வியந்து ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ எனப் பட்டமளித்தனர். 1882-இல் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் புனே வந்தார். மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார்.

இலண்டனில் ஃபுல்ஹாம் என்னுமிடத்தில், நெறி பிறழ்ந்தவர் என உலகம் ஒதுக்கிய பெண்களைக் கன்னியர் சிலர் பரிவுடன் பேணக் கண்டார். இப்பரிவுக்கு ஊற்று யாது என வினவினார். சமாரியப் பெண்ணிடம் இயேசு பெருமான் உரையாடிய வரலாற்றை ஒரு கன்னியர் எடுத்துரைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். கனியைக் கண்டு மரத்தை நாடியவர் அவர்.

1889-இல் பம்பாயில் விதவையருக்காக ‘சாரதா சதனம்’ தொடங்கி, 1890-இல் அதனைப் புனேக்கு மாற்றினார். ஆயினும், சமயத்தை ஏற்றும் அதன் தலைவரை இன்னும் அடையவில்லை என்று பின்னர் உணர்ந்ததாக அவரே எழுதியுள்ளார். அறப்பணியில் முழுமையாய் ஈடுபட்டிருந்தும் உள்ளம் நிறைவுறாமலிருந்ததே இதன் பொருள்.

1893-இல் சோதனை வந்தது. சதனத்தில் சமயப் போதனை இராது என்னும் உறுதியை நம்பியே பெற்றோர் பெண்களை அனுப்பியிருந்தனர். அம்மையாரோ தம் அறைக் கதவை மூடிச் செபிக்க உடன்படவில்லை; சிறுமியர் சிலர் அங்கு வரலாயினர். ரானடே, பண்டார்க்கர் முதலியோர் ஆலோசனைக் குழுவினின்று விலகினர். பெண்கள் பலர் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டனர். பெற்றோரின் அச்சத்தை வீண் எனத் தள்ளுதல் நேர்மையாகாது. விசுவாசம் அறத்துக்குத் துணையாவது போலவே, பிறரது நம்பிக்கையை இழக்கவும் செய்யக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

1896-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. இளமையில் தாம் கண்ட பசியை மறவாத ரமாபாய் நேரில் சென்று, ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமியரையும் மீட்டுவந்தார். புனேயில் பிளேக் நோய் பரவியிருந்தமையால் கேட்காவில் வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைக் குடியமர்த்தினார். 1900-இல் குஜராத்தும் பஞ்சத்தில் சிக்கவே, அங்கிருந்தோர் தொகை சுமார் 2,000 ஆயிற்று. கிணறு வெட்டல், உழவு, நெசவு, எண்ணெய் ஆட்டல், அச்சுக்கோத்தல் எனப் பல தொழில்களை அவர்கள் பழகினர். பார்வையற்றோருக்கும் கல்வி அளிக்கப்பட்டது. அவ்விடத்துக்கு ‘முக்தி’ என்று பெயர். ஆன்ம விடுதலையைக் குறிக்கும் அச்சொல், பட்டினியினின்றும் இழிவினின்றும் விடுபடுவதையும் அங்கே குறித்தது. மூலமொழிகளிலிருந்து அம்மையார் மராத்தியில் பெயர்த்த விவிலியம், 1922 ஏப்ரல் 5-இல் அவர் மறைவதற்குச் சற்று முன்னரே நிறைவுற்றது.

மற்றொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. சாரதா சதனத்தின் முதல் விதவை மாணவி கோதுபாயை 1893-இல் தோண்டோ கேசவ கார்வே மணந்தார். அவர் 1896-இல் விதவையர் இல்லம் ஒன்றைப் புனேயில் நிறுவினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். எனினும் அப்பணியும் அதே துயரைத் துடைத்தது. நற்செயல் எந்தச் சமயத்துக்கும் தனியுடைமையன்று.

பவுலும் யாக்கோபும் முரண்படுகின்றனரா என்று வாதிடுவோர் வாதிடட்டும். கேட்காவில் அவ்விருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தனர். முக்தி இல்லம் இன்றும் நடைபெறுகிறது. அடுத்தமுறை ஊர் செல்லும்போது, சன்னல் வழியே அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையையேனும் நாம் நோக்குவோமாக.