துரையின் அனுமதி: மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குள் வெளி உதவி நுழைந்த வரலாறு

மோதலாலோ பேரிடராலோ பாதிக்கப்பட்ட மக்களிடம் உதவி அமைப்புகள் போய்ச் சேர்வதற்கான வழியை மனிதாபிமான அணுகல் என்பர். ஐ.நா. பொதுச்சபை 1991 டிசம்பர் 19 அன்று நிறைவேற்றிய 46/182ஆம் இலக்கத் தீர்மானம் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடு உதவி செல்ல வேண்டும், உதவி அமைப்புகளின் வேலையை ஒருங்கிணைக்க ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பவை அதன் முக்கிய கூறுகள். இலங்கையில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வடக்கும் கிழக்குமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் "உள்ளே போக யாரிடம் கேட்பது" என்ற கேள்வி அந்தத் தீர்மானத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே எழுந்துவிட்டது. கேட்க வேண்டிய ஆள் அங்கே தோட்டத்துப் பெரிய துரை, அதாவது தோட்ட நிர்வாகி.

தோட்டம் தனியார் நிலம். 1820கள், 1830கள் தொட்டுக் கோப்பிக்காகவும், 1869இல் கோப்பியை இலை நோய் பிடித்த பிறகு தேயிலைக்காகவும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் குடியிருந்த லயம் எனும் வரிசை வீடு, நடந்த பாதை, பிள்ளைகளை விட்டுச் சென்ற பிள்ளைக்காம்பரா, மருந்து வாங்கிய டிஸ்பென்சரி எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்பவரின் பெயர் செக்ரோல் என்ற பதிவேட்டில் இருக்கும். அதில் பெயர் இல்லாதவர் அந்த நிலத்தில் நிற்பதற்கே காரணம் சொல்ல வேண்டும். அத்துமீறிப் பிரவேசித்தல் என்ற குற்றச்சாட்டு வெளியாட்கள் மீது எளிதில் சுமத்தப்பட்டது.

குடியேற்ற அரசு தொழிலாளர் நலனில் தலையிட்டபோதும் தோட்டத்தின் வழியாகவே தலையிட்டது. 1872இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட மாவட்டங்களில் வைத்திய வசதிக்கு ஏற்பாடு செய்தது. 1912இல் அது திருத்தி எழுதப்பட்டது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, டிஸ்பென்சரியிலேயே மருந்து கொடுத்து நிறுத்துவதா என்பதை நடைமுறையில் தோட்ட நிர்வாகமே முடிவு செய்தது. உதவி பெறும் உரிமை சட்டத்தில் இருந்தாலும் அதற்கான வழி நிர்வாகத்தின் கையில் இருக்கும் இந்த அமைப்பு, பின்னால் வந்த எல்லா நலத்திட்டங்களுக்கும் அச்சாக அமைந்தது.

வெளியிலிருந்து உத்தியோக முறையில் உள்ளே வரக்கூடியவர்களில் முக்கியமானவர் இந்திய அரசின் ஏஜண்ட். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து 1923இல் கண்டியில் அவரது அலுவலகம் அமைந்தது. அவர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார், முறைப்பாடுகளைக் கேட்டார், ஆண்டறிக்கை எழுதினார். இரு அரசுகளின் உடன்பாட்டால் கிடைத்த அனுமதி என்பதால் துரைமார் அவரைத் தடுக்க முடியவில்லை.

அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்களுக்குக் கதை வேறு. தஞ்சாவூர் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர், தொழிலாளர் நிலையை நேரில் அறியப் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனதாகச் சொல்லப்படுகிறது. வேடம் பொருத்தமானது: துணி மூட்டையோடு வரும் வியாபாரியைத் தோட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. 1931இல் அவர் ஹட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுகளோடு தோட்டம் தோட்டமாகப் போனார். அப்போதும் கூட்டம் நடத்தத் தோட்டத்துக்கு வெளியே ஒரு திடல் தேட வேண்டியிருந்தது.

துரைமாருக்குள்ளேயே எதிர்க்குரல் எழுந்த அரிய சம்பவம் 1937இல் நடந்தது. மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்தில் பயிற்சித் துரையாக இருந்த ஆஸ்திரேலியர் மார்க் ஆன்டனி பிரேஸ்கெர்டில், இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து தொழிலாளர் நிலையை மேடையில் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தொழிற்சங்கங்களை அங்கீகரிக்கும் பேச்சுவார்த்தைகள் அதன் பின்பே வேகம் பிடித்தன. ஆனால் சங்கப் பிரதிநிதி தோட்டத்துக்குள் போகலாம் என்று தெளிவாகச் சொல்லும் சட்டம் வர மேலும் 30 ஆண்டுகள் ஆயின. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுள் பிரவேசித்தல் சட்டம் 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. இதற்கென்று தனியாக ஒரு சட்டம் வேண்டியிருந்ததே தோட்டம் எந்த அளவுக்கு மூடிக் கிடந்தது என்பதைக் காட்டப் போதும்.

இந்தச் சட்டத்துக்கு எதிர்பாராத ஒரு விளைவும் உண்டு. உள்ளே வரும் உரிமை சங்கத்துக்குக் கிடைத்தது. மருத்துவக் குழுவுக்கோ நிவாரண அமைப்புக்கோ கிடைக்கவில்லை. ஆகவே துரைக்கு அடுத்தபடியாகத் தோட்டத் தலைவர், அதாவது சங்கக் கிளையின் தலைவர், இரண்டாவது வாசல்காப்பவர் ஆனார். 1948, 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டங்களால் பெரும்பாலானோர் நாடற்றவராகி வாக்குரிமையும் இழந்திருந்த காலத்தில், முறையிடக் கிராமத்து மக்களுக்கு இருந்தது போல ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இவர்களுக்கு இல்லை. சங்கம் அந்த இடத்தையும் நிரப்பியது. ஒரே தோட்டத்தில் பல சங்கங்கள் போட்டியிட்டபோது, ஒரு சங்கத்தோடு வந்த உதவி மற்றச் சங்கத்து லயத்துக்குப் போகாது என்ற சந்தேகமும் கூடவே வளர்ந்தது.

1973, 1974இல் வந்த பஞ்சம் இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை வெளிப்படுத்தியது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. கிராமத்தவருக்குக் கொஞ்சமாவது காணி இருந்தது. லயத்தவருக்கு வாசல் முன்னால் உள்ள மரக்கறிப் பாத்திதான். வேலை நாட்களும் சுருங்கிய நேரம் அது. தோட்டங்களில் இறப்பு உயர்ந்தது. பிள்ளைகளோடு பிச்சை எடுக்கப் பட்டணத்துக்கு இறங்கிய குடும்பங்கள் பற்றிய செய்திகள் வெளிவந்தன. கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கிய சத்தியோதயம் போன்ற அமைப்புகள் தோட்டங்களுக்குள் பணியாற்றத் தொடங்கின. பெருந்தோட்டப் பிரதேசங்களுக்கான இணைப்புச் செயலகமும் அதே பத்தாண்டில் உருவானது. தனித்தனியாக அனுமதி கேட்டு அலைவதற்குப் பதிலாகச் சேர்ந்து பேசலாம் என்ற ஒருங்கிணைப்பு எண்ணம் மலையகத்தில் அமைப்பு வடிவம் பெற்ற தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. துரைமார் மாறினார்கள், வாசல் மாறவில்லை. காணி பிரித்துக் கொடுக்கும் பெயரில் தொழிலாளர் வெளியேற்றப்படும் அச்சத்தில், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் எதிர்ப்புத் தெரிவித்தபோது சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டிலும், 1981இலும், 1983 ஜூலையிலும் நடந்த வன்முறைகளில் மலையகத் தமிழர் பலர் வடக்கு நோக்கி ஓடினர். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய வன்னிப் பகுதிகளில் அவர்களைக் குடியேற்றியதில் காந்தியம் அமைப்புக்கு முக்கிய பங்குண்டு. எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். ராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய அந்த அமைப்பு பண்ணைகள் அமைத்தது, பாலர் பள்ளிகள் நடத்தியது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதாகினர்; ராஜசுந்தரம் ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். உதவி செய்பவரே சந்தேக நபராகும் நிலை வடக்கில் மோதல் முற்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இவ்வாறு வன்னிக்குப் போனவர்கள் இன்னொரு வகை வாசலைச் சந்தித்தனர். அங்கே அனுமதி பாதுகாப்பு அமைச்சிலிருந்தும் விடுதலைப் புலிகளிடமிருந்தும் வர வேண்டியிருந்தது. வன்னிக்குள் போகும் வழியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் லொறிகள் இறக்கி ஏற்றப்பட்டன. ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் 1987இலும், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் 1989இலும் நாட்டில் பணி தொடங்கின. 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளும் வெளிநாட்டு உதவி அமைப்புகளும் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு உத்தரவிட்டது. செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் தொடர்ந்து இயங்கி, 2009 பெப்ரவரியிலிருந்து மே வரை புதுமாத்தளன் கரையிலிருந்து காயமடைந்தவர்களைக் கப்பலில் ஏற்றியது. அந்தக் கரையில் சிக்கியிருந்தவர்களுள் 1977இலும் 1983இலும் மலையிலிருந்து இறங்கியவர்களின் குடும்பங்களும் இருந்தன. மலையக வரலாற்றையும் வன்னி வரலாற்றையும் தனித்தனியே எழுதும் வழக்கத்தால் இந்தத் தொடர்பு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

மலையகத்துக்குள் அடுத்த மாற்றம் 1992இல் வந்தது. அரசுத் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகத்துக்கு ஒப்படைக்கப்பட்டன. வீடு, குடிநீர், மலசலகூடம், பிள்ளைக்காம்பரா ஆகியவற்றுக்காக அரசு, கம்பனி, சங்கம் மூன்றும் சேர்ந்த ஒரு நிதியம் அமைந்தது. பின்னர் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்பட்டது. வெளிநாட்டுக் கொடை பெருமளவு இதன் வழியே வந்தது. ஒருங்கிணைப்பு என்ற அளவில் இது முன்னேற்றம்தான். ஆனால் வாசலின் உரிமையாளரையே ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவராக உட்கார வைத்த ஏற்பாடு இது என்பதையும் மறுப்பதற்கில்லை.

நடைமுறையில் ஒரு சிறிய அமைப்பு கண் சிகிச்சை முகாமோ உலர் உணவுப் பொதியோ கொண்டுவர நினைத்தால், முதலில் துரைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்: எந்த டிவிஷன், எத்தனை குடும்பம், என்ன பொருள், எந்த நாள். பல நேரம் கம்பனியின் கொழும்புத் தலைமை அலுவலகமும் சம்மதிக்க வேண்டும். பிரதேச செயலாளரின் சிபாரிசு உதவும். தோட்டத் தலைவரிடம் சொல்லாமல் விட்டால் அன்றைக்குக் கூட்டம் சேராது. பகலில் நடத்தினால் தொழிலாளிக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் வேலைக்கணக்கு, போய்விடும் என்பதால், பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு கோயில் முன்றலிலோ பிள்ளைக்காம்பராவிலோ வைத்துக்கொள்வார்கள். பட்டியல்தான் மிகச் சிக்கலான விடயம். செக்ரோலை வைத்துக் கொடுத்தால் ஓய்வுபெற்றவரும் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் குடும்பமும் விடுபடுவர். கிராம உத்தியோகத்தரின் பட்டியலை வைத்துக் கொடுத்தால், பல தோட்டங்களை ஒரே பிரிவில் வைத்திருக்கும் அவர் எல்லா லயத்தையும் அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பட்டியலின் விலை 2014 அக்டோபர் 29 அன்று தெரிந்தது. நுவரெலியாவின் அயல் மாவட்டமான பதுளையில், கொஸ்லந்தைப் பகுதி மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. காணாமல் போனவர்களின் எண்ணிக்கை நாட்கணக்கில் மாறிக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்துப் பாடசாலைகளில் தங்க வைக்கப்பட்டவர்களுக்கு நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் பொருள் குவிந்தது. அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் குழப்பம். எச்சரிக்கை கிடைத்தபோது மக்களை வேறிடம் மாற்றும் கடமை கம்பனிக்கா அரசுக்கா என்ற வாதமும் நீண்டது. புதிய வீடுகள் கையளிக்கப்பட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன.

சட்டத்தில் இருந்த ஒரு முடிச்சு இந்தக் காலத்தில்தான் அவிழ்ந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடந்தராதது என்றே பொருள்கொள்ளப்பட்டு வந்தது. தோட்டத்தவர் சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினராகவும் ஆகினர். ஆனால் லயத்துப் பாதைக்குக் கல் போடச் சபைக்கு அதிகாரம் இருக்கவில்லை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தலா 2 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்டிருந்த அம்பகமுவ, நுவரெலியா சபைகளும் அக்காலத்திலேயே பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் உருவாகின. மலையகப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கான சட்டமும் 2018இல் வந்தது. டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடம் இந்திய உதவியில் எழுந்து 2017 மே 12 அன்று திறக்கப்பட்டது. அன்றே நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டுக்குப் பணம் டில்லியிலிருந்து வந்தாலும், அதற்கான நிலத்தைக் கம்பனி விடுவிக்கும் வரை அத்திவாரம் வெட்ட முடியாது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். பாதைகள் துண்டிக்கப்பட்ட முதல் நாட்களில் அணுகல் என்பது மண்ணை வெட்டி வழி திறக்கும் வேலையாக இருந்தது. தண்ணீர் வடிந்த பின்பு பழைய கேள்வி திரும்பியது. சேதமான வீட்டுக்கு இழப்பீடு கேட்க வீட்டின் உரிமையைக் காட்ட வேண்டும். லயத்தில் நாலு தலைமுறை வாழ்ந்தவரிடம் உறுதிப் பத்திரம் இல்லை. நிலம் அரசுடையது, குத்தகை 2045 வரை கம்பனியுடையது; அதனால் அந்த லயம் நிற்கும் சரிவிலிருந்து பாதுகாப்பான ஓர் இடத்துக்கு ஒரு குடும்பத்தை மாற்ற இன்றும் இந்த இரு தரப்பும் கையெழுத்திட வேண்டியிருக்கிறது.