ஓல்ட் ஸ்பைஸ் இணைய விளம்பரம் (2010)

அமெரிக்காவின் ஷுல்டன் நிறுவனம் 1938-இல் ஆண்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த நறுமணப் பொருள் வரிசை ஓல்ட் ஸ்பைஸ். 1990 முதல் புராக்டர் அண்ட் கேம்பிள் வசம். 'தாத்தா ஷேவ் செய்துவிட்டுப் போடுவது' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை மாற்ற வந்த பாடிவாஷ் விளம்பரத்தில், 2010 பிப்ரவரியில் நடிகர் ஐசையா முஸ்தபா இடுப்பில் துண்டோடு தோன்றி, பேச்சைப் பெண்களிடம் தொடங்கினார். வீட்டுக்கு பாடிவாஷ் வாங்கிவருவது பெரும்பாலும் அவர்களே என்ற கணக்கு. நிஜமான கெட்டிக்காரத்தனம் ஜூலையில்தான். வைடன் அண்ட் கென்னடி விளம்பர நிறுவனம், ட்விட்டர் போன்ற தளங்களில் வந்த கேள்விகளுக்கு முஸ்தபாவையே பதில் சொல்லவைத்தது. குளியலறை செட்டிலேயே சுடச்சுட எழுதிப் படமாக்கி, சில நாள்களில் 180-க்கும் மேற்பட்ட வீடியோக்களை யூடியூபில் ஏற்றியது. ஒன்றில், ரசிகர் ஒருவருக்காக அவருடைய காதலியிடம் முஸ்தபாவே கல்யாணப் பேச்சை எடுத்தார். அந்தப் பெண்ணும் சம்மதித்தார்.