பட்டச் சான்றிதழில் அடித்துத் திருத்திய ஒரு சொல்

மாடியில் துணி காயப்போடப் போனால், அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் உயர் அழுத்தக் கம்பிகள் கண்ணில் படாமல் இருக்காது. 1962-இல் நெய்வேலியின் முதல் மின் அலகு ஓடத் தொடங்கிய சமயம், பக்ரா நங்கல் போன்ற திட்டங்களுக்கான மின் வேலைகளைக் கல்கத்தாவில் ஒரு சென்னைப் பெண் செய்துகொண்டிருந்தார். மின்பாதை, துணை மின்நிலைய அமைப்பு எல்லாம் அவருக்கு அத்துபடி. ஏ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர்.

1919-இல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்தபோது கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. இளம் விதவைகள் அன்று பட்ட பாட்டை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். லலிதா படிக்க விரும்பினார். பெண்களுக்கு அன்று திறந்திருந்தது மருத்துவம். ஆனால் ராத்திரியில் கூப்பிட்டால் குழந்தையை விட்டுவிட்டு ஓடவேண்டும். அதனால்தான் பொறியியல்!

அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் கேட்க, முதல்வர் கே. சி. சாக்கோவும் கல்வித்துறை இயக்குநர் ஸ்டாத்தமும் சம்மதிக்க, 1940-இல் இடம் கிடைத்தது. கல்லூரி முழுக்க ஆண்கள். மகள் தனியாக இருக்கிறாளே என்று அப்பா விளம்பரம் கொடுத்து இன்னும் பெண்களை அழைத்தார். லீலம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆனார். ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்ததைவிட, அதை மூடவிடாமல் வைத்ததுதான் அந்த அப்பாவின் பெரிய வேலை என்பேன்.

மூவரும் 1943-இல் தேறினார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்றே ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அதை அடித்து, 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை. பிறகு 1948 முதல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ். அங்கே அண்ணன் குடும்பம் இருந்ததால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு. இந்தியாவில் அப்படிப்பட்ட பெண்களுக்குச் சங்கமே இல்லாததால் லலிதா தம் சொந்தப் பொறுப்பில் போய்வந்தார். திரும்பியதும் சும்மா இருக்கவில்லை. 1967-இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்கு இந்தியாவின் பிரதிநிதியாக இருந்து, நம் பெண்களை அதற்கு அனுப்பப் பாடுபட்டார். அப்பா கொடுத்த அந்தப் பழைய விளம்பரத்தை மகள் நாடு முழுக்கப் போட்ட மாதிரி.

1979-இல் லலிதா காலமானார். வயது 60.